பங்காளிச் செடிகள்

1. மயிருள்ள இலை

புதிய சிற்றினம் ஒன்றைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் நிராகரித்ததாக எங்கள் துறையில் இன்றும் சொல்வோர் உண்டு. அது பொய். திரும்பப் பெற்றவன் நானே.

எழுபதுகளின் இறுதியில், கல்லூரித் தாவரவியல் துறைக்காக ஜவ்வாது மலையில் செடிகள் சேகரித்துவந்தேன். ஜமுனாமரத்தூருக்கு மேலே, பாறைச்சரிவில் துளசியை ஒத்த ஒரு செடி கிடைத்தது. சிறுத்த இலை, அடர்ந்த மயிர். ஓடைக்கரையில் வளர்ந்த அதே சாயலுள்ள செடிக்கோ அகன்ற, வழவழப்பான இலை. பாறைச்செடி தனிச் சிற்றினம் என்று முடிவுகட்டிக் கட்டுரையும் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். துறைத்தலைவர் பூரித்துப்போனார், பதவி உயர்வுக்கு இதுவே போதும் என்றார்.

கூடுதல் மாதிரிகளுக்காக மீண்டும் சென்றபோது, வழிகாட்டியாக வந்த மலை விவசாயி வெள்ளையன் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், ஒரே செடியப் போயி ரெண்டுன்றீங்க? பாறைமேல தண்ணி ஏது? அதான் மசுரு. ஓடையாண்ட நட்டுப் பாருங்க, என் மண்டையாட்டம் வழுக்கையாய்டும்." தலைப்பாகையைக் கழற்றியும் காட்டினார்.

எரிச்சலோடுதான் பாறைச்செடியை ஓடைக்கரையில் நட்டேன். அடுத்த மாதம் வந்த துளிர்களில் மயிரே இல்லை.

2. காலிக் கட்டம்

அதைவிட எரிச்சலூட்டியது, வேறொரு செடியை உலர்த்தி ஒட்டி, ஒரே சிற்றினமென்று நான் சேர்த்துக் கட்டியிருந்த இரு மாதிரித் தாள்களை வெள்ளையன் பிரித்து வைத்ததுதான். தோற்றத்தில் எள்ளளவும் வேறுபாடில்லை.

"இதான் சார் ரெண்டு. இது ஆடியில பூக்கும், அது கார்த்திகையில. பக்கத்துல நின்னாலும் பொண்ணு குடுக்காது, எடுக்காது. அண்ணந்தம்பியா பொறந்து பங்காளியா பூட்ச்சுங்க."

இரண்டையும் ஒரே பாத்தியில் வளர்த்துப் பார்த்தேன். அவர் சொன்ன மாதங்களிலேயே பூத்தன.

இனங்கள் படைத்தபடியே நிற்கின்றன என்ற பழைய எண்ணம். சிறுகச் சிறுக மாறுகின்றன என்று பின்னர் வந்த எண்ணம். கலப்பு நின்றுபோகும் இடத்தில்தான் ஒன்று இரண்டாகிறது என்ற நம் காலத்து எண்ணம். மூன்றையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். மலையிலோ மயிரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மலைக்காரன் சொன்னான்னு வாபஸா? டிபார்ட்மென்ட் மானம் இன்னாவுறது?" என்று கத்தினார் துறைத்தலைவர். கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பதவி உயர்வு போயிற்று.

மாதிரித் தாளின் சீட்டில் 'உள்ளூர்க் குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு. அதுவரை அதில் கோடு போட்டே வந்தேன். இளையோர் அதைச் செய்யாதிருப்பாராக. அவ்விரு தாள்களிலும் பூக்கும் மாதத்தை எழுதி, அருகே 'பங்காளி' என்று குறித்தேன். துறைத்தலைவர் சிவப்பு மையால் அடித்தார். அதன் கீழே அச்சொல்லை மறுபடி எழுதிக் கையொப்பமிட்டேன்.