டேரல் அண்ணை எறிந்த பந்து

டேரல் அண்ணை போய்விட்டார்.

நேற்றுக் காலை அவருடைய மனைவி உர்சுலா, துன் நகரிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். நித்திரையிலேயே... அமைதியாக.

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோன் வேர்ஹவுஸில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அமெரிக்கர். ஆனாலும் அங்கே வேலை செய்த தமிழ்ப் பெடியள் எல்லோருக்கும் அவர் அண்ணைதான்.

அவர் வேலைக்கு வந்த புதிதில், ஒரு கோப்பி பிரேக்கில் பேச்சுக் கொடுத்தேன். பாதி இங்கிலிஷ், பாதி ஸ்விஸ் ஜேர்மன்... இன்றைக்கு நினைத்தால் எல்லாம் தமிழில்தான் கேட்கிறது.

"அமெரிக்காவில என்ன வேலை செய்தனீங்கள்?"

"பேஸ்போல் விளையாடினனான்."

"பொழுதுபோக்குக்கோ?"

"இல்லை, அதுதான் வேலை. மேஜர் லீக்."

யூனிவேர்சிற்றி டீமில் விளையாடும்போது மேஜர் லீக் கழகம் ஒன்று அவரைத் தெரிவு செய்திருக்கிறது. பிறகு வருடக்கணக்கில் சின்ன ஊர் டீம்கள், பஸ் பயணம். கடைசியில் மேலே, மேஜர் லீக்குக்கு... ஒரேயொரு சம்மர். அதோடு வலது தோள் போய்விட்டது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சுபா நம்பவேயில்லை.

"அங்க விளையாடின ஆள் இங்க வந்து பலெட் ஏத்துறாரோ? உங்களை நல்லாப் பேய்க்காட்டுறார்."

அடுத்த கோடையில் எங்கள் கிரிக்கெட் டீமுக்கு ஒரு ஆள் குறைந்தது. பேர்ன் டீமோடு ஃபைனல். டேரல் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பற்றிங்கில் சரிவரவில்லை. பேஸ்போலில் இல்லாதபடி பந்து நிலத்தில் குத்தி எழும்பி வருவதைப் பார்த்து, "இது களவு" என்று சத்தம் போட்டார். மைதானமே சிரித்தது.

பிறகு பேர்ன்காரர் ஆடினார்கள். கடைசி விக்கெட். வெல்ல இன்னும் நாலைந்து ஓட்டம்தான். அடித்த பந்து பவுண்டரி பக்கம் போனது. அங்கே நின்றவர் டேரல் அண்ணை.

ஒரு ஓட்டம் ஓடிவிட்டு இரண்டாவதுக்குத் திரும்பினார்கள். தோள் பழுதான மனிசன் எறியமாட்டார் என்று நானும்தான் நினைத்தேன்.

எறிந்தார்.

பந்து தரையில் படவேயில்லை. நேரே வந்து விக்கெட்டைப் பிடுங்கியது. ரன் அவுட்... கப் எங்களுக்கு!

கோட்டுக்கு வெளியே நின்ற சுபா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "ஐயோ, உண்மையாவே விளையாடின ஆள்தானப்பா!"

திரும்பி வரும்போது காரில் தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு இருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏன் அண்ணை எறிஞ்சனீங்கள்?"

"இன்னும் ஒரு எறி இருந்தது. வேற எதுக்கு வச்சிருக்கிறது?"

அன்றைக்குத்தான் மேலே போன கதையையும் சொன்னார். லோண்டரியில் நின்றபோது அழைப்பு வந்ததாம். காயாத உடுப்பை அப்படியே பையில் அடைத்துக்கொண்டு பிளேன் ஏறினாராம்.

"பயமா இருக்கேல்லையோ?"

"இல்லை. எனக்கு அங்க இடம் இருக்கெண்டு தெரியும்."

முதல் நாள் ஒரு பந்தும் மட்டையில் படவில்லை. அடுத்த நாள் பட்டது. பார்வையாளர்களுக்கு நடுவில் அவருடைய அம்மா மட்டும் எழும்பி நின்றாராம். அதைச் சொல்லிவிட்டு, பசிக்குது என்றார். வழியில் நிறுத்திக் கெபாப் வாங்கித் தின்றோம்.

பென்ஷன் எடுத்த பிறகு உர்சுலாவின் ஊரான துனுக்கே போய்விட்டார். போன மாதம் போய்ப் பார்த்தோம். மெலிந்திருந்தார். ஆனால் ஏரிக்கரை முழுக்க நடந்துதான் காட்டினார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா...

வெள்ளிக்கிழமை துனில் அடக்கம். அவரோடு யூனிவேர்சிற்றியில் விளையாடிய ஒருவர் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அவரும் மேஜர் லீக் வரை போனவர்தானாம். சற்று முன் என்னோடு போனில் கதைத்தார்.

"எங்கட டீமில முதல்ல மேல போனவன் அவன்தான். நான் அவனுக்குப் பிறகுதான்" என்றார்.

சூரிச் எயார்போர்ட்டில் அவரை ஏற்றிக்கொண்டு நான்தான் வருவேன், டேரல் அண்ணை.

ஆறுதலாப் படுங்கோ.