பின் சீட்டுக்குப் போகும் டீச்சர்

என் ஸ்கூட்டியின் சாவியை ஏழு வருடமாக நான் ஏன் கணவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்? மரியாதையா, பழக்கமா, ஊர் வாய்க்குப் பயமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

புத்தளத்தில் ஒரு லேனர்ஸில், அதாவது வாகனம் ஓட்டப் பழக்கும் பள்ளியில், பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டப் பழக்குகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைமாருக்கு எட்டுப் போடவும் பிரேக் பிடிக்கவும் எப்படிப் பழக்குவது என்று அங்கேயே சொல்லித்தருவார்கள். அங்கே சொல்லித்தராத ஒன்றை எழுதுகிறேன்.

1. ராத்தாவின் மகன்

நாற்பது வயதுப் பெண் ஒருவர் பழக வந்தார். அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். கணவர் கட்டாரில். துணைக்குப் பதினாலு வயது மகன் வருவான். சைக்கிளில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பான். எட்டுப் போடும்போது ராத்தா பயத்தில் இரண்டு காலையும் ஊன்றிவிடுவார். லைசன்ஸ் ட்ரயலில் கால் ஊன்றினால் பெயில்.

"உம்மா, ஒங்களுக்கு அடுப்படியில ஆணம் காய்ச்சத்தான் சரி. வாங்க வீட்ட போவம்!" என்று அவன் கத்துவான்.

ராத்தாவும் சிரிப்பார். "இவன் இப்பிடித்தான் டீச்சர். ஆம்புளப் புள்ளதானே."

எனக்குப் பொறுக்கவில்லை. "கோவிக்காதீங்க ராத்தா, நீங்க மகனுக்கு இடம் குடுத்திட்டீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

2. என் மகன்

அடுத்த கிழமை பள்ளிக்கூட லீவு. ஆறு வயது மகனையும் ஸ்கூட்டி பழக்கும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ராத்தா அவனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"மகன், ஒங்கட உம்மா நல்லா ஓட்டுவாவோ?"

"ஓம். வாப்பா இல்லாட்டி ஓட்டுவா. வாப்பா வந்தா உம்மா பின்னுக்கு. வாப்பாக்குத்தானே நல்லா ஓட்ட ஏலும்."

அவனுடைய வாப்பாவுக்கு எட்டுப் போடப் பழக்கியதே நான்தான். கலியாணம் முடித்த வருடம், இதே மைதானத்தில்.

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கோவிக்காதீங்க டீச்சர்..." என்று தொடங்கியவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று பின்னேரம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசன். சீமெந்து படிந்த காலைக் கழுவிக்கொண்டே, "நான் கேட்டனா? நீதானே கொண்டந்து தாறது" என்றார்.

"ஓம், நான்தான்."

"அப்ப இனி நீயே ஓட்டு. எனக்கும் சொகம்."

3. பாலாவிச் சந்தி

வெள்ளிக்கிழமைகளில் மாமி வீட்டுக்குப் போவோம். அந்த வெள்ளி நான் ஓட்டினேன். நடுவில் மகன், பின்னால் அவர். பாலாவிச் சந்தியில் உப்பு லொறியொன்று திரும்புவதற்காக நிறுத்தினேன். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவரோடு வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள்.

"என்ன மேசன், ஒங்களையும் பழக்கக் கூட்டிப்போறாவோ?" என்றார் ஒருவர். கடையே சிரித்தது.

மகன் என் முதுகில் தட்டினான். "உம்மா, எறங்குங்க. வாப்பா ஓட்டட்டும். ஆக்கள் பாக்கிறாங்க."

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். லொறி போய்விட்டது. பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். என் கை தானாகச் சாவிக்குப் போனது. அப்போதுதான் அவர் முன்னால் சாய்ந்து என் காதோடு சொன்னார்: "நீ ஓட்டு."

ஓட்டினேன். ஆனால் அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. கடையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஹெல்மட் போட்டிருந்த மகனுக்கும் கேட்கவில்லை. மாமி வீடு வரைக்கும் அவன் என் முதுகில் முகத்தை ஒளித்துக்கொண்டு வந்தான். இப்போது மூவரும் கிளம்பினால், "நான் வரல்ல" என்கிறான்.

பெண்களை மதிக்க வேண்டும் என்று அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவனோ, சாவி யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் படித்த பாடம் அவ்வளவுதான். ராத்தாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

இனி என்ன செய்வது என்றுதான் பிடிபடவில்லை. மகனுக்குக் கேட்கும்படி, "உம்மா ஓட்டட்டும்" என்று சத்தமாகச் சொல்லுங்கள் என அவரைக் கேட்கலாமா? கேட்டால் சொல்வார். ஆனால், உம்மா வண்டி ஓட்ட வாப்பாவின் உத்தரவு வேண்டும் என்றல்லவா பிள்ளை விளங்கிக்கொள்வான்? ஆண் பிள்ளைகளை வளர்த்தவர்கள், முக்கியமாக வாப்பாமார், உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் அந்தச் சந்தியைக் கடக்க வேண்டியிருக்கிறது.