மேஸ்திரியின் தாடி

என் மேசை இழுப்பறையில் வெள்ளைத் துணித் தலையுறை ஒன்று கிடக்கிறது. கண்ணுக்கு நேரே மட்டும் கண்ணாடி போல ஒரு தாள். பெயிண்ட் அடிப்பவர் புகை வடிகட்டும் முகமூடியை மாட்டிக்கொண்டதும் இதை அவர் தலையில் கவிழ்த்து, உள்ளே இனிப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவேன். நாக்கில் இனித்தால் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அசோக் நகர் கார் பட்டறைக்கு நான் கணக்கு எழுதத்தான் போனேன். பாதுகாப்பையும் நீங்களே பாருங்கள் என்று முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். பெயிண்டில் கலக்கும் ஹார்ட்னரின் புகை நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா வந்துவிடும் என்று படித்ததிலிருந்து எனக்குப் பயம். எங்கள் பெயிண்ட் மேஸ்திரிக்கு மாடி ஏறினால் ஏற்கெனவே லேசாக இழுக்கும்.

அந்த நேரம் பார்த்து, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர் மனைவி உண்டானார். மேஸ்திரி சவரத்தை நிறுத்தினார். தாடி புதராக வளர்ந்து, முகமூடி அதன்மேல் மிதந்தது.

தலையுறையைக் கவிழ்த்து, "இனிக்குதா மேஸ்திரி?" என்றேன்.

"ஒண்ணியுமே இல்லியே சார்" என்றார், உதட்டை நக்கிக்கொண்டே.

என்னிடம் கசப்புத் தண்ணீரும் உண்டு. சொல்லாமல் அதைப் பீய்ச்சினேன். உள்ளே எழுந்த சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

தாடி போகும்வரை பெயிண்ட் அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "வூட்ல புள்ளத்தாச்சி கீறா சார். நான் கத்தி வெச்சு கொயந்தைக்கு எதுனா ஆயிட்சுன்னா?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் கார் கழுவ அனுப்பினேன். என்னை முறைத்தபடியே கழுவினார். அந்த வாரம் கார்கள் பளபளத்தன.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் என்மேல் புகார் வைத்தார். அந்தம்மா முழுக்கதையும் கேட்டார்.

"கொயந்த நைனான்னு கூப்புட சொல்லோ நீ மூச்சு இஸ்துக்கினு கெடப்பியா? அதுக்குத் தாடி வோணாம், நைனாதான் வோணும்."

டிபன் கேரியரை என் மேசையில் வைத்துவிட்டு, அவரை எதிர் சலூனுக்கு இழுத்துப் போனார். திரும்பி வந்தவரை எங்கள் காவலாளி யாரோ என்று நினைத்து வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

பெண் பிறந்தாள். இப்போது பள்ளி விடுமுறையில் பட்டறைக்கு வருகிறாள்; தாடிக் கதை அவளுக்கு அத்துப்படி. பெயிண்ட் புகைக்குப் பயந்து, என் அறையைத் தாண்ட அவளை மேஸ்திரி விடுவதில்லை. போன வாரம் வழக்கமான சோதனைக்காகத் தலையுறையை எடுத்தேன். நான்தான் பீய்ச்சுவேன் என்று அடம்பிடித்து இனிப்புத் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"நைனா, இனிக்குதா?"

வழுவழுவென்று சவரம் செய்த முகத்தோடு தலையுறைக்குள் உட்கார்ந்திருந்தவர், "இல்ல கண்ணு" என்றார்.

அவள் நம்பவில்லை. என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "சார், அந்தக் கசப்பு பாட்டில் எங்க கீது?"