கிரகணத்தின் மேல் போட்ட பழி

கௌசல்யாவைப் போல வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. தொப்பம்பட்டிப் பக்கத்தில் வீடு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சரக்கு அனுப்பும் தோட்டம் ஒன்றில் முருங்கைக்காய் வெட்டிக் கட்டுக் கட்டும் வேலை. கணவன் கருப்புசாமி தென்னைமரம் ஏறுகிறவன். ஒரே பெண், பவித்ரா.

பவித்ராவால்தான் எனக்கு அந்த வீட்டுப் பழக்கம். நான் டெய்சி. படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். பவித்ராவுக்கு ஆறு வயது, பார்த்தால் மூன்று என்பார்கள். தலை சிறியது. மேலுதடு கோடு போட்டாற்போல மெலிந்திருக்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளமே இருக்காது. காலையில் சிவப்பு என்று காட்டியதை மத்தியானம் கேட்டால் சிரிப்பாள். ஒரு இடத்தில் ஒரு நிமிடம் உட்கார மாட்டாள். யார் கூப்பிட்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்தச் சிரிப்புக்காகவே அவளிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அந்தக் கோபத்தையெல்லாம் அவள் அப்பத்தா கண்ணம்மாளுக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். 2019 டிசம்பரில் சூரிய கிரகணம் பிடித்த காலையில் கௌசல்யா மாசமாக இருந்தாள். மார்கழியில் முருங்கைக்காய்க்கு நல்ல விலை. கேரளா லாரி காத்திருக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட, இவள் அரிவாளோடு போய்விட்டாள். அதைத்தான் கண்ணம்மாள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். "கெரணத்துல காய் வெட்டுனா, புள்ளைக்கு மூளைய வெட்டிப்போட்டுது." கோடிக்கணக்கான மைல் தள்ளி நிற்கிற சூரியனுக்கு, தொப்பம்பட்டியில் ஒருத்தி வயிற்றைக் கவனிப்பதுதான் வேலையா என்று நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். ஊரே அப்படித்தான் பேசியது. கௌசல்யாவும் அதை நம்பிவிட்டாள். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள்.

இந்தத் தையில் அவள் மறுபடி மாசமானாள். நாலாம் மாதம் நடந்தபோது என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், இதாச்சும் நல்லா இருக்கோணுங்க. அவளுக்கு என்னாலதான் இப்படி ஆச்சுன்னா, என்ன பண்ணுனேன்னு தெரிஞ்சுக்கோணும். அதையே திரும்பப் பண்ணிரக் கூடாதுல்லீங்க?"

அவள் இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த குழந்தை டாக்டர் கமர்ஜஹானிடம் மூவரையும் அழைத்துப் போனேன்.

டாக்டர் பவித்ராவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். தலையை அளந்தார். பிறகு கௌசல்யாவிடம், "இவ வயித்துல இருக்கும்போது குடிக்கிற பழக்கம் ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்றார்.

கருப்புசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க டாக்டரம்மா, எங்கூட்டுப் பொம்பளைங்களப் பாத்து இப்படிக் கேக்கறீங்க? நானே கடைப்பக்கம் போறதில்லீங்க. ஒரு சொட்டுச் சரக்கு எங்கூட்டுக்குள்ள வந்ததில்லை."

டாக்டர் கோபப்படவில்லை. அவன் கையைப் பார்த்தார். மரம் ஏறிக் காய்த்துப்போன கை.

"கள்ளு?"

"அது உண்டுங்க" என்றான் கருப்புசாமி, சட்டென்று சாந்தமாகி. "வெளிய சொல்லிராதீங்க, போலீஸ் தொந்தரவு. ரெண்டு மரத்துல பாளை சீவி வச்சிருக்கேன். அவளுக்கு ஒடம்பு சூடு தாங்காதுங்க. மூணாம் மாசத்துல இருந்து பிரசவம் வரைக்கும் தெனம் காலைல ஒரு சொம்பு, நானே எறக்கிக் குடுத்தேன். ஒருநாள் தவறுனதில்லை. குளிர்ச்சிங்க. வித்தா காசு, ஆனா அவளுக்குன்னு எடுத்துவச்ச சொம்பை வித்ததில்லை."

பெருமையோடுதான் சொன்னான். பெண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பதற்கு அவனிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

கமர்ஜஹான் மெதுவாகச் சொன்னார். கள்ளும் சாராயம் மாதிரிதான். தாய் குடிப்பது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. பெரியவர்களுக்குத் தாங்குவது, உருவாகிக்கொண்டிருக்கும் மூளைக்குத் தாங்காது. இன்னும் சோதனைகள் பார்க்க வேண்டும். ஆனால் முகமும் நடத்தையும் அதைத்தான் காட்டுகின்றன. பழுதைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது, பொறுமையாகப் பழக்கினால் முன்னேறுவாள்.

பவித்ரா டாக்டர் மேசையிலிருந்த டேப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கெரணம் இல்லீங்களா?" என்றாள் கௌசல்யா.

"கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

ஆறு வருடப் பழி நீங்கியதற்கு அவள் அழுவாள், அல்லது கணவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"இதுக்கும் ரெண்டு மாசமாக் குடிக்கிறனுங்க. இன்னைக்குக் காலைல கூடக் குடிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன்."

கருப்புசாமி நாற்காலியிலிருந்து எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். இன்றோடு நிறுத்திவிட்டால் அதுவே பிள்ளைக்கு நல்லது, ஸ்கேன் பார்க்கலாம், நம்பிக்கையோடு இருங்கள் என்றார் டாக்டர். இதுவரை ஒன்றும் ஆகியிருக்காது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கருப்புசாமி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பன் வாங்கப் போனான். நானும் கௌசல்யாவும் மட்டும் நின்றோம்.

"டீச்சர், கள்ளு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்மா."

"மூணு வருசமா எங்கூட்டுக்கு வாறீங்க. எங்ககிட்டக் கேக்கவே இல்லீங்களே."

குற்றம் சொல்கிற குரலே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பவித்ராவுக்காக நான் நிரப்பிய படிவத்தில், கர்ப்ப காலத்தில் தாய்க்கு மதுப்பழக்கம் உண்டா என்று ஒரு வரி இருந்தது. தலை நிறையப் பூவும் முகத்தில் மஞ்சளுமாக எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை என்று நானாகவே 'இல்லை' என்று எழுதினேன். கேட்டிருந்தால் அவளும் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். கள்ளு குடித்தாயா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கருப்புசாமி எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்திருப்பான். இந்த இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கூடப் போயிருக்காது.

"கேட்டிருக்கணும், கௌசல்யா" என்றேன். அவள் சரிங்க டீச்சர் என்று தலையாட்டினாள்.