என் காரில் பலூன் ஒட்ட விடமாட்டேன்

என் கணவரின் தம்பிக்குக் கல்யாணம் முற்றாகி நாள் குறித்ததும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் காரைத்தான் கேட்டார். கேட்டதுகூடப் பரவாயில்லை. "இது ஓடுற கார் இல்ல மதினி, பூவும் பலூனும் ஒட்டிப் பார்த்துக்கொண்டு நிக்கிற கார்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். வயது என்னைவிடக் கூட. கூரை இல்லை, ரெண்டு பேர்தான் இருக்கலாம். சிலாபத்துப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கோழி அடைந்து கிடந்ததை நானும் என் மனுசனும் இழுத்துவந்து, மதுரங்குளியில் வீட்டு வளவுக்குள் வைத்துச் சரியாக்கினோம். அந்தப் பச்சைப் பெயின்டுக்காக உரசி உரசி என் நகமெல்லாம் போய்விட்டது. அதன்மேல் டேப் ஒட்டிப் பலூன் கட்டுவதா? தலைகீழாக நின்றாலும் நடக்காது!

கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டோம். பாலாவி உப்பளத்துக்கு அப்பால் ஒரு வெட்டவெளியில், எங்களைப் போலக் கார்ப் பைத்தியங்கள் சிலர் கூடிப் பிளாஸ்டிக் கூம்பு வைத்துக் கார் ஓடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடவேணும், கூம்பு விழுந்தால் தண்டமாக நேரத்தைக் கூட்டுவார்கள். ஆளுக்கு ரெண்டு ஓட்டம், நல்லது எதுவோ அதுதான் கணக்கு. தம்பியின் ஜப்பான் காரை நான் வென்றால் அவர் இனி வாய் திறக்கக்கூடாது. தோற்றால் பலூன்.

முதல் ஓட்டம் நன்றாகத்தான் போனது. கடைசி வளைவில் இடக்கை கியரில், வலக்கை ஸ்டியரிங்கில். அங்கே நின்ற தம்பி தொண்டை கிழியக் கத்தினார்: "அஸ்ஸலாமு அலைக்கும், மதினி!"

எங்கள் ஊர் ரோட்டில் சலாம் கேட்டால் கை தானாக எழும்பும். எழும்பிற்று. ஸ்டியரிங்கில் ஒரு கையும் இல்லை. கார் நேரே போய்க் கூம்பை விழுங்கிவிட்டது.

"சலாம் சொல்றதும் குற்றமா மதினி?" என்கிறார், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. என் மனுசனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ரெண்டு பேரையும் அங்கேயே உப்புக்குள் புதைத்திருப்பேன். தம்பி தன் ஓட்டத்தை ஒரு கூம்பும் படாமல் முடித்தார்.

இரண்டாம் ஓட்டத்திலும் அதே இடத்தில் நின்று அதே சலாம். நான் கையை எடுக்கவில்லை. "வஅலைக்குமுஸ்ஸலாம்!" என்று உப்பளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கக் கத்திக்கொண்டே திருப்பினேன். பின்சில்லு மண்ணை வாரி இறைக்குது, கார் வழுக்கிக்கொண்டு போகுது, யா அல்லாஹ், என்ன சந்தோஷம் அது! ஒரு கூம்பும் விழவில்லை. நேரமும் தம்பியுடையதை விடக் குறைவு.

ஆனால் தம்பிக்கு இன்னும் ஒரு ஓட்டம் இருந்தது. நான் போய் அதே வளைவில் நின்றேன். பழிக்குப் பழி கத்தத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. பிறகு, வேணாம், வென்றால் ஓட்டி வென்றதாக இருக்கட்டும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கார் வருகிறது. தம்பி என்னைப் பார்க்கிறார். நான் பேசாமல் நிற்கிறேன். இன்னும் பார்க்கிறார். கூம்பைப் பார்க்கவேண்டிய கண் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தது. டொக், டொக்! ரெண்டு கூம்பு.

இறங்கி வந்தவர் அழாத குறை. "நீங்க ஏன் மதினி சலாம் சொல்லல்ல? சொல்லுவீங்க, சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கொண்டேதானே வந்தேன்!"

சிரித்துச் சிரித்து நிற்க ஏலாமல் மண்ணிலேயே இருந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் ஜப்பான் காரில், பலூனும் பூவுமாக வந்தார். முன்னால் என் பச்சைக் காரில் வழிகாட்டிப் போனது நான். பாலாவி தாண்டவில்லை, போன் அடித்தது.

"மதினி, கொஞ்சம் மெதுவாப் போங்களேன். உங்களுக்குப் பின்னால எங்களால வர ஏலாம இருக்கு."