முழுகி எடுத்த செம்பு

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகு தள்ளுகிறவர்கள் கூலியைச் செப்புக்காசாகத்தான் வாங்குவார்கள். கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தரின் கணக்கன் பொன் பணத்தை நீட்டினாலும் வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். பணம் என்பது உளுந்தளவு பொன். நாளெல்லாம் அலையில் நனைகிறவன் அதை எங்கே வைப்பான்? கோவணத்தில் முடிந்தால் முடிச்சு அவிழ்ந்து போகும். வாயில் அடக்கினால், ஓர் அலை முகத்தில் அடிக்கும்போது போய்விடும். முனியனின் அப்பன் ஒரு மாதக் கூலியை அப்படித் தண்ணீரில் விட்டுவிட்டு, கூடையால் மணலைச் சலித்துக்கொண்டே கிடந்தவன். செப்புக்காசு கனமானது. கையில் இருப்பது கைக்குத் தெரியும். விழுந்தாலும் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

முனியனும் செம்பை நம்பினான். அவனுக்கு அது வெறும் கூலி அல்ல. தம்பியை மீட்கும் வழி.

பஞ்ச வருஷத்தில் முனியன் குளிர்ஜுரத்தில் விழுந்தான். மீனை விற்று நெல் வாங்கலாம் என்றால் ஏரியில் மீன்தான் இருந்தது, வாங்கும் ஆள் இல்லை. அப்போது பொன்னேரிப் பக்கமிருந்து நெல் கொண்டுவரும் தரகன் கேசவனிடம் தம்பி வேலு தானாகவே போய் நின்றான். மூன்று வராகன் மதிப்புக்கு நெல் வீட்டுக்கு வந்தது. வேலு கேசவனின் கிடங்கில் ஈடாகத் தங்கினான். அடுத்த ஆவணி முடிவதற்குள் மூன்று வராகன் வந்து சேராவிட்டால், பத்தாவியாவுக்குப் போகும் கப்பலில் அவனை அடிமையாக ஏற்றிவிடலாம் என்று பேச்சு. அந்தக் கப்பலில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக ஊரில் கதைகூடக் கிடையாது.

ஒரு வராகனுக்கு இருபத்து நாலு பணம். ஒரு பணத்துக்கு அறுபது காசு. முனியனுக்கு விவரம் தெரிந்த நாள்முதல் அதுதான் விலை. அவன் மனைவி மணியம்மாள் மட்டும் ஒருமுறை, சேரச் சேரச் சராப்புக்கடையில் கொடுத்துப் பொன்னாக மாற்றிவிடலாமே என்றாள். அப்பன் மணல் சலித்த கதையை அவன் மறுபடியும் சொன்னான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இறால் காயவைத்து விற்ற காசையும் அதே பானையில் போட்டு, அடுப்பு மூலையில் புதைத்து வைத்தாள்.

ஆனி மாதம் கப்பல் வந்தது. அது தண்ணீரில் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் படகுக்காரர்கள் முதலில் பார்ப்பார்கள். ஆழமாக உட்கார்ந்தால் நிறையச் சரக்கு, நிறைய நடை, நிறையக் கூலி. அந்தக் கப்பல் கழுத்தளவு அமிழ்ந்திருந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே இருந்ததெல்லாம் செம்பு. சின்னச் சின்னப் பெட்டிகளில் அடைத்த செம்புக் கட்டிகள். பெட்டி சிறியதுதான், தூக்கினால் தோள் இறங்கியது. முனியன் மற்றவர்களைவிட அதிக நடை போனான். முகத்துவாரத்தில் ஒரு பெட்டி சரிந்து தண்ணீருக்குள் போனபோது, யாரும் சொல்வதற்கு முன்பே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். அடியில் தடவித் தடவிக் கண்டுபிடித்து, கயிற்றைப் பூட்டி மேலே ஏற்றினான். கணக்கன் அவனைக் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தான். பானை நிறைந்தது அந்தச் செம்பை இறக்கிய கூலியில்தான்.

கோட்டைக்குள் காசு அடிக்கும் அக்கசாலையில் பகலெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்டது.

ஆவணியில் ஒரு காலை, பானையைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு முனியன் சராப்புக்கடைக்குப் போனான். நாணயம் மாற்றும் தருமலிங்கச் செட்டி காசைக் குவித்து அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு வராகனை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"இன்னொண்ணு வைக்கணுமே செட்டியாரே."

"பணத்துக்குத் தொண்ணூறு காசு இப்ப. கணக்கு சரியாத்தான் கீது."

"வைகாசில அறுபதுதானே?"

"வைகாசில ஊர்ல செம்பு இல்ல. இந்த வாட்டி கப்பல்ல பொன்னே வரல. எந்தத் தேசமோ, அந்த ராசா பொன்னை வெளிய வுடமாட்டேன்றானாம், செம்பைத்தான் குடுக்கறானாம். இங்க துணி நெய்யறவன் செம்பை வாங்குவானா? வராகன்தான் வேணும்ன்றான். இருந்த பொன்னெல்லாம் வண்டியேறி உள்நாட்டுக்குப் போயிட்டுது. செம்பு போக எடமில்லாம இங்கயே நிக்குது. மீன்பாடு அதிகமா வந்தா உன் பொண்டாட்டி கூடை மீனை இன்னா வெலைக்குத் தள்ளறா? அதேதான் இதுவும்."

முனியனுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பான்.

செட்டியார் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "முழுகிப் பெட்டி எடுத்தவன் இவன்தான். நாலு பெட்டிய அங்கயே வுட்டுட்டு வந்திருந்தா, இவன் காசு கொஞ்சம் நின்னிருக்கும்."

அவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாகச் சொல்ல முடியாது. வேடிக்கையான விஷயம்தானே.

முனியன் காசை மாற்றாமல் பானையோடு கேசவனிடம் போனான். இரண்டு வராகன் மதிப்புக்கு அதை வாங்கிக்கொள்ளக் கேசவன் மறுத்தான். மீதிக்கு அடுத்த பருவம்வரை தவணை கேட்டு முனியன் கெஞ்சினான், தன் படகுப் பங்கை எழுதித் தருவதாகச் சொன்னான். கேசவன் குரலை உயர்த்தவே இல்லை. தானும் செம்பை வாங்கி வைத்துக் கெட்டதாகவும், நெல் கொடுத்தவர்கள் தன்னிடம் வராகன்தான் கேட்பதாகவும், கப்பல்காரன் ஆளுக்குப் பொன்னாகத் தருவதாகவும் எடுத்துச் சொன்னான். ஊரில் இப்போது பொன்னாக விலைபோகிற சரக்கு வேறு எதுவும் தன்னிடம் இல்லை என்றான்.

பத்தாவியாக் கப்பல் புறப்பட்ட நாளில் ஆட்களை ஏற்றிப்போக முனியனின் படகையும் கூப்பிட்டார்கள். போகாதே என்று மணியம்மாள் தடுத்தாள். அவன் போகாவிட்டால் வேறு எவனாவது தள்ளுவான், அவ்வளவு தூரமாவது தம்பி பக்கத்தில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேலு நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் உள்நாட்டுப் பஞ்சத்திலிருந்து வந்தவர்கள், கடலையே பார்த்திராதவர்கள். முகத்துவாரத்தில் அலை குறுக்கே அடித்துப் படகு திரும்பியது. யாரும் சொல்லாமலே வேலு எழுந்து ஆளில்லாத துடுப்பைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, வெளிப்பக்கம் போடு," என்றான்.

முனியன் போட்டான். படகு நிமிர்ந்து அலையைத் தாண்டியது. கவிழ்த்திருக்கலாம் என்று பின்னாளில் அவன் பலமுறை நினைத்தான். தம்பி நீந்தித் தப்பியிருப்பான். மற்றவர்கள் செத்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து, ஒரு தலை குறையாமல் கப்பலில் கொண்டு சேர்த்தார்கள். ஏணியில் ஏறும்போது வேலு திரும்பிப் பார்த்தான்.

கணக்கன் கூலி கொடுத்தான். பழைய எண்ணிக்கையிலேயே செப்புக்காசு. முனியன் முதல்முறையாகப் பொன் பணம் கேட்டான். படகுக்காரர்களுக்கு இனிமேல் பொன் கிடையாது என்று கணக்கன் சொல்லிவிட்டான். காசை மணலில் போட்டுவிட்டு முனியன் நடந்தான். மணியம்மாள் குனிந்து பொறுக்கினாள். முன்பெல்லாம் அந்தக் காசுக்கு ஒரு முறம் நிறைய அரிசி வாங்குவாள். இந்தமுறை கிடைத்த அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். சராப்புக்கடையிலிருந்து திரும்பி வந்த பானையும் அப்படியே கரைந்தது.

மறு ஆனியில் கப்பல் ஆழமாக உட்கார்ந்து வந்தது. முகத்துவாரத்தில் மறுபடியும் ஒரு பெட்டி சரிந்தது. படகிலிருந்தவர்கள் முனியனைப் பார்த்தார்கள். அவன் துடுப்பை விடவில்லை. இன்னொருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். கரைக்கு வந்ததும் கணக்கன் அவனைக் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தான்.