இருட்டு வாத்தியார் சொல்ல மறுத்த சொல்

கல்லூரியில் தத்துவம் நடத்தும் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இருட்டு வாத்தியார். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் "காலம் கெட்டுப்போச்சு" என்ற இடத்தில்தான் வந்து நிற்பார். கெட்டுப்போகிற காலம் முதலில் தன் பேச்சைத்தான் கெடுக்கும் என்பது அவர் கட்சி. சோப்பு விளம்பரத்தில் தெய்வீகம், சிமெண்ட் மூட்டையில் நம்பிக்கை, ஓட்டுக் கேட்டு வருகிறவன் வாயில் சத்தியம். இப்படி ஊர் வாயில் புழங்கி எச்சிலாகிப்போன சொற்களில் முதலாவது கடவுள் என்பார். அந்தச் சொல்லை இனி யார் சொன்னாலும் பொய்தான், சொல்லாமல் இருப்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே பக்தி என்று ஒல்லியாக ஒரு புத்தகமும் எழுதினார்.

வீட்டிலும் அதே சட்டம். யாராவது "கடவுளே" என்றால் போதும், "என்ன அர்த்தத்துல சொல்றே?" என்று பிடித்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய், அந்த இடத்தில் "அது" என்று சொல்லப் பழகிவிட்டாள். மகளுக்கும் அதுவே வாயில் வந்தது. "நல்லவேளை, அது காப்பாத்துச்சு" என்று அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, இவர்கள் நாய் வளர்க்கிறார்கள் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த மனைவியைத்தான் இப்போது ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூளையில் கட்டி. உயிருக்குப் பயமில்லை, பேச்சு திரும்புமா என்பதுதான் சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தியேட்டர் கதவு வந்ததும் அவள் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்றது.

"என்னங்க, இன்னிக்கு ஒரு தரம் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. எனக்காக."

"நான் இங்கேயேதான் நிப்பேன். டாக்டர் கெட்டிக்காரர்."

"டாக்டரைப் பத்தியா கேட்டேன்?"

"அப்பா, சொல்லித் தொலைங்களேன்," என்றாள் மகள். "கிளாஸ் எடுக்கிற நேரமா இது?"

அவர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். பயத்தில் சொல்கிற தனக்கும் சோப்பு விற்கிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அவளை இப்படியா வழியனுப்புவது, ஒரு பொய்யைச் சொல்லி?

"சார், உள்ளே டாக்டருங்க கையைக் கழுவிட்டு நிக்கிறாங்க," என்றார் வண்டி தள்ளுகிறவர். "உங்களுக்குக் கூச்சமா இருந்தா என்கிட்ட சொல்லுங்க. நான் அம்மா காதுல சொல்லிடுறேன்."

யாரும் சிரிக்கவில்லை. கதவு பாதி திறந்தது. பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ், "என்ன, இன்னும் ஏன் லேட்டு?" என்று அதட்டினாள். அவள் கம்பியை விடவில்லை.

"அதுக்கு அர்த்தமே போயிடுச்சும்மா," என்றார் அவர். குரல் கெஞ்சியது. "இப்போ சொன்னா உன்னை ஏமாத்துற மாதிரி."

"அர்த்தத்தை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? நாளைக்கு எனக்குப் பேச்சு வருமோ, வராதோ. காதுலயாவது வாங்கிட்டுப் போறேன், சொல்லுங்க."

அவர் குனிந்தார். "கடவுளே," என்றார். வகுப்பில் பேர் கூப்பிடுகிற மாதிரி வறண்டு வந்தது அந்தச் சொல்.

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "என்ன அர்த்தத்துல சொல்றீங்க?"

இத்தனை வருஷம் அவளிடம் கேட்ட கேள்வி. தேடிப் பார்த்தார்.

"தெரியலை," என்றார்.

அவள் கம்பியை விட்டாள். "போலாம்ண்ணே," என்றாள்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். சற்று நேரம் கழித்து நிமிர்ந்தபோது அப்பா கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போய்க் கேட்டாள். அதே சொல்.

"அம்மாதான் உள்ளே போயாச்சேப்பா. இப்போ யாருக்குச் சொல்றீங்க?"

அவர் திரும்பவில்லை. விளக்கைப் பார்த்தபடி மறுபடியும் சொன்னார்.